உங்கள் காரை நீங்களே கவனித்துக்கொள்ள: எதில் தொடங்கி எங்கே நிறுத்துவது

வீட்டிலேயே கார் வேலை பழக நினைப்பவர்கள் முதலில் கேட்பது எஞ்சின் ஆயில் மாற்றுவது எப்படி என்றுதான். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதற்கு என்னிடம் ஒரே கணக்குதான் இருக்கிறது: அது தப்பாகப் போனால் என்ன நஷ்டம்? ஏர் ஃபில்டரைச் சரியாக மாட்டாவிட்டால் திரும்பக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். ஆயில் போல்ட்டைச் சரியாக முடுக்காவிட்டால் எஞ்சினே போய்விடும். பிரேக்கில் தப்பு செய்தால் உயிர் போகும். இந்த வரிசையிலேயே மேலே போனால் பயமும் இருக்காது, செலவும் வைக்காது.

இங்கே சொல்வதெல்லாம் நம் ஊரில் அதிகம் ஓடும் சின்ன பெட்ரோல் கார்களை மனதில் வைத்து. டீசலுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் ஆயில், ஃபில்டர் மாற்றுவதை எல்லாம் கம்பெனி சர்வீஸிலேயே விட்டுவிடுங்கள். சர்வீஸ் பதிவு விட்டுப்போனால் பிறகு ஏதாவது பழுது வரும்போது வாதாட வேண்டியிருக்கும். ஆனால் பார்க்கிற வேலையை வாரண்டி தடுக்காது. அதை முதல் நாளிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் பார்க்கப் பழகுங்கள்

முதல் மாதம் ஸ்பேனரே வாங்க வேண்டாம். ஒரு பழைய பனியன் துணி, ஒரு டார்ச், நல்ல டயர் பிரஷர் கேஜ் ஒன்று, காருடன் வந்த கையேடு, இவை போதும். கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். இனி நான் சொல்லும் எந்த அளவும் உங்கள் கையேட்டில் வேறாக இருந்தால் கையேடு சொல்வதே சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை இன்னும் எடுக்காத நேரம் இதற்குத் தோதானது. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். கழுத்துச் சங்கிலி, மோதிரம், தொங்கும் துப்பட்டா எதுவும் வேண்டாம். சாவி எடுத்திருந்தாலும்கூட சில கார்களில் ரேடியேட்டர் மின்விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கும். அதன் பக்கம் கை போகக் கூடாது.

பானெட்டைத் திறந்ததும் எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் தேடுங்கள். வளையம்போல மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பிடி இருக்கும். வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு வெளியே உருவி, துணியால் சுத்தமாகத் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு, மறுபடி உருவுங்கள். ஆயில் படிந்த கோடு இரண்டு குறிகளுக்கும் நடுவே இருக்க வேண்டும். ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். அழுக்கைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. நிறம் மாறுவது இயல்பு. ஆனால் பால் கலந்த காப்பிபோல வெளுத்து நுரைத்திருந்தால் உள்ளே தண்ணீரோ, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டோ கலந்திருக்கக்கூடும். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் ஒரு லிட்டருக்குள்தான். குறைந்திருந்தால் அதே தர ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். மேல் குறியைத் தாண்டுவதும் கெடுதல்தான்.

அடுத்து கூலன்ட். பாதி ஒளி புகும் பிளாஸ்டிக் டப்பாவில் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதோ ஒரு நிறத்தில் தெரியும். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் சரி. சூடான எஞ்சினில் இதன் மூடியையோ ரேடியேட்டர் மூடியையோ திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால்தான் அது நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றுவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட்டையே ஊற்றுங்கள். அடர்த்தியாக விற்பது, கலந்தே விற்பது என இரண்டு உண்டு. அடர்த்தியானது என்றால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்க வேண்டும். ஒரே நிறமாக இருப்பதால் ஒரே வகை என்று நினைத்துவிடக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். மாதா மாதம் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றிக்கொண்டே இருப்பது தீர்வல்ல.

பிரேக் ஆயில் டப்பாவை வெளியிலிருந்து பார்த்தால் போதும், திறக்க வேண்டாம். அளவு மெல்லக் கீழே வருகிறது என்றால் பிரேக் பேட் தேய்கிறது என்று பொருள். சடாரென்று குறைந்தால் கசிவு, அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள். இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் மலைப்பாதையில் பிரேக் சூடேறும்போது கொதித்து, மிதித்தாலும் பிடிக்காமல் போகலாம். ஊட்டி, கொடைக்கானல் என்று அடிக்கடி ஏறி இறங்குபவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் சொல்லிக் கட்டாயம் மாற்றிக்கொள்ளுங்கள்.

டயர்

சரியான காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 36 பி.எஸ்.ஐ. வரை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சபட்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிக்காதீர்கள். அளவெடுப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது. வெயிலில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பங்கில் பார்த்தால் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் தளர்ந்திருக்கும். அதனால்தான் சொந்தமாக ஒரு கேஜ் வேண்டும் என்கிறேன். வீட்டிலேயே காலையில் அளந்து, எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொண்டு, பங்கில் அந்த அளவு மட்டும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். பஞ்சரான அன்றைக்குத்தான் ஸ்டெப்னியிலும் காற்றில்லை என்று தெரியவருவது நம் நெடுஞ்சாலைகளில் தினம் நடக்கிறது.

டயர் தேயும் விதமே நிறையச் சொல்லும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் அதுவரை காத்திருப்பதே தப்பு. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 1823 என்றால் 2023-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்தது. புது டயர் வாங்கும்போது கடையிலேயே இதைப் பாருங்கள்.

டயர் மாற்றுவதை வீட்டு வாசலில் ஒருமுறை பழகிவிடுங்கள். இரவில் புறவழிச்சாலை ஓரத்தில் முதல் முறையாகப் பழகக் கூடாது. கைப்பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழே விளிம்பில் குறியிட்டிருக்கும். ஸ்டெப்னியை மாட்டியதும் நட்டுகளைக் கையால் திருகி, எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, வண்டியை இறக்கிய பிறகு கடைசி முடுக்கு முடுக்குங்கள். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

ஃபில்டர், வைப்பர், ஃபியூஸ்

ஸ்பேனர் இல்லாமலேயே செய்யக்கூடிய வேலைகள் இவை. ஏர் ஃபில்டர் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். பெரும்பாலும் கிளிப்புகள்தான், சில வண்டிகளில் ஸ்க்ரூ. மூடியைத் தூக்கி, பழையதை எடுத்து, பெட்டிக்குள் கிடக்கும் தூசியையும் இலைச் சருகையும் ஈரத்துணியால் துடைத்து, புதியதை அதே வாக்கில் வையுங்கள். எல்லா கிளிப்பும் மாட்டியதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் வடிகட்டாத தூசி நேராக எஞ்சினுக்குள் போகும்.

ஏசி குளிர்ச்சி குறைந்துவிட்டது என்று சொன்னதும் கேஸ் நிரப்பச் சொல்லும் கடைகள் நிறைய. அதற்கு முன்பு கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கமும் உள்நோக்கி அழுத்தினால் பெட்டி கீழே இறங்கும். அதன் பின்னால் நீளமான ஒரு மூடி, உள்ளே ஃபில்டர். நம் ஊர்த் தூசியில் ஒரு வருடத்தில் அது கம்பளிபோல அடைத்துக்கொள்ளும். காற்றே வராதபோது குளிர்ச்சி எப்படி வரும்? காற்று போகும் திசைக்கு அதன் மேல் அம்புக்குறி இருக்கும், அதை மட்டும் கவனித்து மாட்டுங்கள். காற்று பலமாக வந்தும் குளிரவில்லை என்றால் அப்புறம் ஏசி கடைக்குப் போகலாம்.

வைப்பர் ரப்பர் சித்திரை வைகாசி வெயிலில் இறுகிப்போயிருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் முன், செப்டம்பரிலேயே மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு நீளம், அங்குலக் கணக்கில் விற்பார்கள். பிளேடைக் கழற்றியதும் இரும்புக் கை ஸ்பிரிங் விசையில் திரும்ப விழுந்து கண்ணாடியை உடைக்கக்கூடும். கண்ணாடிமேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அப்படியே வைப்பருக்குக் கீழே, கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள். வேப்ப மரத்தடியிலும் புங்க மரத்தடியிலும் நிறுத்தும் வண்டிகளில் அங்கே சருகு மண்டியிருக்கும். மழைநீர் வடியும் துவாரங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏசி வழியாகக் காருக்குள் இறங்கும், கால்மிதி நனையும், பிறகு நாற்றம் போகவே போகாது. கையால் அள்ளிப் போட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பார்த்தால் முடிந்தது வேலை.

சார்ஜர் சாக்கெட், ஹாரன், ஒரு பக்க விளக்கு என்று ஏதாவது ஒன்று மட்டும் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் முதலில் ஃபியூஸ். பெட்டி மூடியின் உள்பக்கத்திலேயே எது எதற்கு என்ற படம் இருக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அதே அளவு ஃபியூஸையே போடுங்கள். திரும்பத் திரும்பப் போகிறது என்பதற்காகப் பெரிய அளவு போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

எலி

நம் ஊர்க் கார் பராமரிப்பில் எலியைச் சொல்லாமல் விட முடியாது. மழைக்காலத்தில் எஞ்சின் சூட்டுக்காக உள்ளே வந்து தங்கும், ஒயரைக் கடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும். பாச்சை உருண்டை, புகையிலை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். இவற்றை மட்டும் நம்பியிருக்காதீர்கள், அதிலும் சூடான பாகங்களின் பக்கத்தில் எதையும் கட்டித் தொங்கவிடக் கூடாது. வண்டி நிற்கும் இடத்தில் குப்பை, கோழித் தீவனம், நாய்ச் சோறு இல்லாமல் பார்த்துக்கொள்வதும், வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பதும்தான் பலன் தரும். புழுக்கை, கடித்த பஞ்சுத் துணுக்கு, தேங்காய் ஓடு கண்ணில் பட்டால் அன்றே சுத்தம் செய்யுங்கள். பூனையும் உள்ளே படுத்திருக்கும். மழை நாள் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.

பேட்டரி

இங்கிருந்து ஸ்பேனர் வேண்டும். 8, 10, 12, 14, 17 மி.மீ. அளவுகளில் நல்ல ஸ்பேனர்களும் அதே அளவு பாக்ஸ் செட்டும் வாங்குங்கள். மலிவான செட் போல்ட்டின் முனைகளைத் தேய்த்துவிடும். பிறகு அந்த போல்ட்டைக் கழற்ற லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கூடவே சாதாரண மல்டிமீட்டர் ஒன்று.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே இருந்தால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். அப்போதும் 12 சொச்சமே காட்டினால் குறை பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுற்றும் பெல்ட்டிலோ இருக்கும், பேட்டரியை மாற்றிப் பயனில்லை. புது பேட்டரி விற்கத் துடிக்கும் கடையில் இந்த இரண்டு எண்களைச் சொன்னால் பேச்சே மாறும்.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்யலாம். முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுதான். காரின் உடல் முழுக்க நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் எங்காவது இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் அந்த ஆபத்தில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். காய்ந்ததும் மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். நீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும்.

எஞ்சின் ஆயில்

மேலே சொன்னதெல்லாம் கைக்குப் பழகிய பிறகுதான் இது. வெறும் ஜாக்கியில் நிற்கும் காரின் அடியில் ஒருபோதும் போகக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு எடை தாங்கும் ஜாக் ஸ்டாண்டு வேண்டும், அதுவும் கெட்டியான சிமென்ட் தரையில். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் கூடாது, அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கும் கைப்பம்பு விற்கிறார்கள். ஆனால் ஃபில்டர் அடியில் இருக்கும் வண்டிகளுக்கு அது மட்டும் போதாது.

வாங்க வேண்டியவை: கையேடு சொல்லும் தர ஆயில், ஆயில் ஃபில்டர், அடியில் ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் குறி 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதையே வாங்குங்கள். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று சொல்லிக் கேட்காமலேயே 20டபிள்யூ-50 எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. இப்போதைய எஞ்சின்களின் இடுக்குகள் மெல்லிய ஆயிலுக்காகச் செய்யப்பட்டவை. போலிகளும் உலவுவதால் தெரிந்த கடையில், முத்திரை உடையாத டப்பாவாக எடுங்கள். சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு போகிறவர்கள் பழைய ஃபில்டரையும் கையோடு எடுத்துப்போனால் அளவு மாறாது.

எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி அணையுங்கள், ஆயில் இளகட்டும். கொதிக்கும் சூட்டில் செய்ய வேண்டாம். கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடாமல் நிற்க வேண்டும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். அடியில் அகலமான தட்டு. இப்போது டிரெயின் போல்ட். ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், அருகிலேயே கியர் பாக்ஸுக்கும் இதேபோல ஒரு போல்ட் உண்டு. அதைத் திறந்துவிட்டு எஞ்சினில் இரண்டு மடங்கு ஆயில் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஆயில் சொட்டுச் சொட்டாகக் குறையும்வரை விட்டு, புது வாஷரோடு போல்ட்டை முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். கோணலாக ஏறினால் மரை அடிபடும். கடைசி முடுக்குக்கு, எவ்வளவு விசையில் முடுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. கையேடு சொல்லும் அளவு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும், ஏறி மிதித்து முடுக்குகிற போல்ட் இல்லை இது. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஓடும்போது ஆயில் பீறிடும். புதிய ஃபில்டரின் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, ஃபில்டரின் மேலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்குக் கையால் முடுக்குங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று என்பது வழக்கம்.

கையேட்டில் உள்ள முழு அளவையும் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் மூன்று, மூன்றரை லிட்டர். அரை லிட்டர் குறைவாக ஊற்றி, மூடியைப் போட்டு, ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். டார்ச் அடித்துப் போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு பாருங்கள். வண்டியை இறக்கி, பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தைச் சேர்க்கலாம். தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுதுங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். அது நிலத்தடி நீரில் இறங்கும், அதே போர் தண்ணீரைத்தான் நாம் எடுக்கிறோம். காலியான ஆயில் டப்பாவில் பிடித்து, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பெரிய பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இதோடு நிறுத்துங்கள்

பிரேக் பேட், பிரேக் ஆயில் மாற்றுவது, ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஏசி கேஸ், மஞ்சள் நிறக் கனெக்டர் போட்ட ஏர்பேக் ஒயர்கள், ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள். இவற்றில் கை வைக்க வேண்டாம். வெள்ளத்தில் நின்ற வண்டியும் இந்தப் பட்டியலில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பல கார்கள் கெட்டது தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்ததால்தான். தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பாதி சக்கரத்துக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால் சாவியையே போடாமல், முடிந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது நோட்டை எடுத்துப்போங்கள். எஞ்சின் விளக்கு எரிந்தால், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், காரின் கணினி பதிந்த பழுதுக் குறியீட்டைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஆனால் காரணம் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று அது சொல்லாது. அதனால் "பிளக் போச்சு அண்ணே, மாத்துங்க" என்று நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சத்தமோ நடுக்கமோ எந்த வேகத்தில் வருகிறது, எந்தப் பக்கம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, பிரேக் மிதித்தால் கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள்.